அப்பாவுக்குத் தெரிந்த வழியும் போனுக்குத் தெரிந்த வழியும்

நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "அப்பா இருபத்தைந்து வருடம் லாரி ஓட்டினார். திருநெல்வேலியில் இருந்து ஓசூர் வரை எந்த இடத்தில் சாலை பிரியும், எந்த ஊரில் நடுராத்திரியிலும் சாப்பாடு கிடைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். எனக்கு நான்கு வருடமாக வேலை பார்க்கும் ஊரிலேயே போன் இல்லாமல் வழி தெரியவில்லை. ஊடாடும் வலை வந்தபிறகு எல்லாம் மாறிவிட்டது என்கிறார்கள். அப்படி என்ன மாறியது, எப்போது மாறியது, என்னிடம் என்ன மாறியது?"

ஊடாடும் வலை என்றால், நாம் தொட்டதும் உடனே பதில் தரும் இணையம். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல வேறு உதாரணம் தேடிப் போக வேண்டாம். உங்கள் கேள்வியில் இருக்கும் மேப்பே போதும். மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட் எல்லாவற்றிலும் இதே மாற்றம்தான் நடந்தது. ஆனால் மேப்பில் அது கண்ணுக்கு நேராகத் தெரியும். அதனால் அதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

இணையத்தில் மேப் முன்பே இருந்தது. மேப்குவெஸ்ட் என்ற தளம் 1996லேயே அமெரிக்காவில் தொடங்கிவிட்டது. அதில் ஊர் பெயரை அடித்தால் நடுவில் ஒரு சிறிய படம் வரும், சுற்றிலும் அம்புக்குறிகள் இருக்கும். கிழக்கே என்ன இருக்கிறது என்று பார்க்க வலது அம்பை அழுத்த வேண்டும். பக்கம் முழுக்க அழிந்து வெள்ளையாகி, சில நொடி கழித்துப் புதுப் படத்தோடு திரும்பி வரும். தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் வந்த நாளில் அந்தச் சில நொடி அரை நிமிடமாகவும் ஆகும். இரண்டு தடவை அழுத்துவதற்குள் நாம் எங்கே இருந்தோம் என்பதே மறந்துவிடும். எனவே எல்லோரும் செய்தது ஒன்றுதான்: வழியைக் கேட்டார்கள், காகிதத்தில் அச்சடித்தார்கள், காரில் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். வலை அன்று அவர்களுக்கு ஒரு அச்சகமாக இருந்தது.

அப்படி இருந்ததற்குக் காரணம், அன்றைய வலையில் பிரௌசருக்கும் (நாம் பக்கத்தைப் பார்க்கும் மென்பொருள்) சர்வருக்கும் (பக்கத்தை அனுப்பும் தொலைதூரக் கணினி) இருந்த உறவு. அது தபால் போடுவது மாதிரி. ஒரு கேள்வி போகும், முழுப் பக்கம் பதிலாக வரும். அடுத்த சின்னக் கேள்விக்கும் முழுப் பக்கம்தான். இத்தனைக்கும் வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ அதை ஒருவழிப் பாதையாக நினைக்கவே இல்லை. 1990ல் ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் அவர் எழுதிய முதல் பிரௌசரில் பக்கத்தைப் படிக்கவும் முடியும், அங்கேயே திருத்தவும் முடியும். 1993ல் பரவலான மொசைக் பிரௌசரில் திருத்தும் வசதி இல்லை. அதற்குப் பிறகு பல வருடம் பெரும்பாலானோருக்கு வலை என்றால் படிக்கிற இடம்தான்.

இதை மாற்றிய கருவிகள் சத்தமில்லாமல் வந்தன. 1995ல் பிரௌசர் தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். பக்கம் திறந்த பிறகும் அதற்குள் நிரல் ஓடலாம் என்றானது. 1999ல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5ல் இன்னொரு சின்ன வசதி சேர்ந்தது. அவுட்லுக் அஞ்சலைப் பிரௌசருக்குள்ளேயே பார்ப்பதற்காக மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் செய்த வேலை அது. பக்கத்தை அழிக்காமல், பின்னால் சர்வரிடம் பேசி, தேவையான துண்டை மட்டும் வாங்கி வரலாம். பின்னர் மற்ற பிரௌசர்களும் அதை எடுத்துக்கொண்டன. ஆனால் அதை வைத்து என்ன செய்யலாம் என்பது இன்னும் சில வருடங்களுக்குப் பலருக்குத் தோன்றவில்லை.

தோன்றியவர்களில் முக்கியமானவர்கள் சிட்னியில் இருந்த நான்கு பேர். டென்மார்க்கில் இருந்து போன லார்ஸ் ராஸ்முசென், யென்ஸ் ராஸ்முசென் சகோதரர்கள், அவர்களோடு நோயல் கார்டன், ஸ்டீபன் மா. வேர் டூ டெக்னாலஜீஸ் என்ற அவர்களுடைய சிறு நிறுவனம் முதலில் எழுதியது கணினியில் நிறுவிக்கொள்ளும் மென்பொருளைத்தான். கூகுளோடு பேச்சு நடந்தபோது அதைப் பிரௌசருக்குள் ஓடும்படி மாற்றினார்கள். 2004 அக்டோபரில் கூகுள் அவர்களை வாங்கியது. 2005 பிப்ரவரி 8ல் கூகுள் மேப்ஸ் வெளிவந்தது.

அதன் உள்ளே இருந்த யோசனை எனக்கு இன்றைக்கும் அழகாகப் படுகிறது. உலகம் முழுவதையும் ஒரே ஓடாக, அதாவது ஒரு சின்னச் சதுரப் படமாக, வரைந்துகொள்கிறார்கள். ஒரு படி உள்ளே போனால் அது நான்கு ஓடாகும். இன்னொரு படி போனால் பதினாறு. பத்தாவது படியில் 10,48,576 ஓடுகள். நீங்கள் மேப்பை விரலாலோ மவுஸாலோ இழுக்கும்போது, திரையின் ஓரத்தில் புதிதாகத் தெரியப்போகும் நாலைந்து ஓடுகளை மட்டும் பிரௌசர் கேட்டு வாங்குகிறது. நடுவில் இருப்பவை அப்படியே நகர்கின்றன. கூரை வேய்கிறவர் ஓடு அடுக்குவது போல, பார்வை போகும் பக்கம் ஓடு வந்து விழுந்துகொண்டே இருக்கும். பக்கம் அழிவதே இல்லை.

அது வெளிவந்து பத்து நாள் கழித்து, பிப்ரவரி 18 அன்று, ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்ற வடிவமைப்பாளர் இந்த முறைக்கு அஜாக்ஸ் என்று பெயர் வைத்தார். அவர் காட்டிய உதாரணங்களில் கூகுள் மேப்ஸும் ஒன்று. எழுத ஆரம்பித்ததுமே தேடல் சொற்களைக் காட்டும் வசதி இன்னொன்று. எனவே "எப்போது மாறியது" என்ற கேள்விக்கு ஒரு வருடத்தைச் சொல் என்றால், 2005 என்றுதான் சொல்வேன்.

சரி, பக்கம் அழியாமல் இருந்ததால் அன்றாடப் பழக்கத்தில் என்ன ஆனது? முதலில், கேட்பதற்கு ஆகும் செலவு குறைந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் அரை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்றால் நாம் அவசியமானதை மட்டும்தான் கேட்போம். காத்திருப்பு போனதும் சும்மா கேட்க ஆரம்பித்தோம். இந்தத் தெரு எங்கே போகிறது, அந்த ஏரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது, நான் படித்த பள்ளிக்கூடம் மேலே இருந்து பார்த்தால் எப்படி இருக்கும். கணினியில் ஒன்றை அழுத்தும் முன் தயங்கும் பழக்கம் அந்த வருடங்களில்தான் பலருக்குப் போனது. தவறாக இழுத்தால் திருப்பி இழுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கணினி வகுப்புக்குப் போகாத கோடிக்கணக்கான பேர் பின்னால் தொடுதிரையைக் கூச்சமில்லாமல் கையாண்டதற்கு, தொட்டால் உடனே பதில் தரும் இந்தக் குணம் ஒரு பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன்.

அடுத்த கட்டம் இன்னும் சுவாரசியமானது. பார்க்கிறவர்களே எழுத ஆரம்பித்தார்கள். 2005லேயே பால் ரேட்மேக்கர் என்ற நிரலாளர், கூகுள் மேப்ஸ் உள்ளே எப்படி இயங்குகிறது என்று பிரித்துப் பார்த்து, வாடகை வீட்டு விளம்பரங்களை அதன் மேல் புள்ளிகளாக வைத்துக் காட்டினார். யாரிடமும் அனுமதி கேட்டுச் செய்ததில்லை. கூகுள் அதைத் தடுக்காமல், அந்த வருடம் ஜூனில் யார் வேண்டுமானாலும் தங்கள் தகவலை மேப்பின் மேல் போட வழி திறந்தது. இன்று மருந்துக் கடைப் பட்டியல், பேருந்து எங்கே வருகிறது என்ற திரை, சாப்பாடு கொண்டுவருபவரின் சின்ன வண்டிப் படம் நகர்வது எல்லாம் அந்த வழியில் வந்தவை.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 2004ல், இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் இன்னும் துணிச்சலான ஒன்றைத் தொடங்கியிருந்தார். அரசு வைத்திருந்த வரைபடத் தரவு அன்று அங்கே காசு கொடுத்தால்தான் கிடைத்தது, கட்டுப்பாடும் அதிகமாக இருந்தது. அப்படியானால் நாமே வரைவோம் என்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தொடங்கினார். மக்கள் ஜிபிஎஸ் கருவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் வரைந்தார்கள். இது நடக்க முடிந்ததற்கு வேறொரு முடிவும் காரணம். 2000 மே மாதம்வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. அந்த மே மாதத்தில் அதை நிறுத்தியதும், நூறு மீட்டர் தள்ளிக் காட்டிய கருவி தெருவை அடையாளம் காட்டும் அளவுக்குத் துல்லியமானது.

2010 ஜனவரி 12ல் ஹைதியில் நிலநடுக்கம் வந்தபோது, தலைநகர் போர்ட்டோ பிரின்ஸுக்கு நல்ல தெரு வரைபடம் இல்லை. செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, உலகின் பல நாடுகளில் இருந்து நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் பிரௌசரிலேயே தெருக்களை வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் அதைத் தங்கள் ஜிபிஎஸ் கருவிகளில் ஏற்றிக்கொண்டு போயின. நம் ஊரிலும் அது நடந்திருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடித்தளமாக வைத்து ஒரு வெள்ள வரைபடம் போட்டார்கள். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறதோ அந்தத் தெருவைத் தொட்டால் அது நிறம் மாறும். மொட்டை மாடியில் சிக்கிக்கொண்டவரும் தொடலாம், வேறு நாட்டில் இருந்து போனில் அம்மாவிடம் விசாரித்தவரும் தொடலாம். "அங்கே எப்படி இருக்கு" என்று அலைந்துகொண்டிருந்த கேள்விக்கு ஊரே சேர்ந்து ஒரு பதிலை வரைந்தது. ஊடாடும் வலை என்றால் என்ன என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த மேப்தான்.

இதுவரை சொன்னதில் எழுதுகிறவருக்குத் தான் எழுதுகிறோம் என்று தெரியும். மூன்றாவது கட்டம் அப்படி இல்லை. உங்கள் அன்றாடத்தை அதிகம் மாற்றியதும் அதுதான், கவனத்துக்கு வராததும் அதுதான்.

மேப்பில் சாலை பச்சையாகவும் சிவப்பாகவும் தெரிகிறதே, அது எப்படித் தெரியும்? 2009 முதல் கூகுள், மேப் வைத்திருக்கும் போன்கள் எங்கே, எவ்வளவு வேகத்தில் நகர்கின்றன என்பதைத் திரட்டி அந்த நிறத்தைப் போட்டு வருகிறது. அதாவது பூந்தமல்லி சாலை சிவப்பாக இருக்கிறது என்று நீங்கள் பார்க்கும்போது, அந்தச் சிவப்பில் உங்களுக்கு முன்னால் நிற்கும் வண்டிக்காரர்களின் போன்களும் இருக்கின்றன. நீங்கள் போய் நின்றதும் உங்களுடையதும் சேரும். இதைக் கண்ணால் காட்டியவர் சைமன் வெக்கர்ட் என்ற பெர்லின் கலைஞர். 99 பழைய போன்களை ஒரு கைவண்டியில் போட்டு, வெறிச்சோடிய தெருவில் மெதுவாக இழுத்துக்கொண்டு நடந்தார். மேப்பில் அந்தத் தெரு சிவப்பானது. 2020 பிப்ரவரியில் அதை அவர் வெளியிட்டார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். உங்கள் அப்பா காலத்து வரைபடம் சாலையைப் பற்றியது. அதை ஆயிரம் பேர் பார்த்தாலும் அது மாறாது. இப்போது உங்கள் கையில் இருப்பது, பார்க்கிறவர்களாலேயே நொடிக்கு நொடி மாறுகிறது. மாறியதைப் பார்த்து அவர்கள் வழியை மாற்றுகிறார்கள். அதனால் சாலையும் மாறுகிறது. நியூயார்க்குக்கு எதிர்க்கரையில் லியோனியா என்ற சிறிய ஊர் இருக்கிறது. நியூயார்க்குக்குப் போகும் பாலத்தின் நெரிசலைத் தவிர்க்கச் செயலிகள் வண்டிகளை அந்த ஊர்த் தெருக்களுக்குள் திருப்பிவிட்டன. வீட்டில் இருந்து வண்டியை வெளியே எடுக்க முடியாத நிலை. 2018 ஜனவரியில் சுமார் 60 தெருக்களை, காலை மாலை நெரிசல் நேரத்தில், உள்ளூர்க்காரர் தவிர மற்றவர்களுக்கு அந்த ஊர் மூடியது. அந்த ஊர்க்காரர்கள் எந்த மேப்பையும் திறக்காமலேயே அதனால் பாதிக்கப்பட்டவர்கள்.

நம் பக்கம் அது வேறு விதமாக நடந்தது. சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். முகவரியை வைத்துக்கொண்டு வீட்டைக் கண்டுபிடிக்க, தெருமுனை டீக்கடையில் விசாரிக்க வேண்டும். இன்று பார்சல் கொண்டுவருபவர் போன் செய்து கேட்பது "லொகேஷன் அனுப்புங்க" என்பதைத்தான். முகவரியின் வேலையை, மேப்பில் இடத்தைக் குறிக்கும் ஒரு 'பின்' எடுத்துக்கொண்டது. இரண்டு சக்கர வண்டிக்குத் தனி வழி காட்டும் வசதியைக் கூகுள் 2017 டிசம்பரில் இந்தியாவில்தான் முதலில் கொண்டுவந்தது. பைக் நுழையும் சந்து, கார் நுழையாத சந்து என்ற வித்தியாசம் நமக்கு அவ்வளவு முக்கியம்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி: என்னிடம் என்ன மாறியது? இதைச் சோம்பேறித்தனம் என்று நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். லண்டனில் டாக்ஸி ஓட்ட உரிமம் வேண்டுமென்றால் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். 2000ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நரம்பியல் ஆய்வாளர் எலினார் மக்வயரின் குழு அப்படிப்பட்ட 16 ஓட்டுநர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தது. இடத்தை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பின்புறம் மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. 2017ல் அதே பல்கலைக்கழகத்தில் இன்னொரு ஆய்வு. 24 பேருக்கு லண்டன் தெருக்களைத் திரையில் காட்டி வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். தாங்களே யோசித்தபோது, சந்திப்பில் எத்தனை தெரு பிரிகிறதோ அதற்கேற்ப அந்தப் பகுதி சுறுசுறுப்பானது. கருவி சொன்னபடி திரும்பியபோது அந்தக் கூடுதல் அசைவு இல்லை. அப்பாவுக்கு ஒவ்வொரு பிரிவும் ஒரு கேள்வியாக இருந்தது. உங்களுக்கு அது "இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்" என்ற பதிலாகவே வந்து சேர்கிறது. கேட்காத கேள்வி மனதில் தங்காது.

போதாக்குறைக்கு, வழிகாட்டும்போது மேப் உங்களைச் சுற்றித் திரும்புகிறது. போகிற திசை எப்போதும் மேலே. வடக்கு எது, ஆறு எந்தப் பக்கம், ஊர் எப்படிக் கிடக்கிறது என்பது சேர்ந்து பதியவே வாய்ப்பில்லை. இதற்கு எளிய மருந்து உண்டு. கிளம்பும் முன் முழு வழியையும் ஒரு நிமிடம் பாருங்கள், வடக்கை மேலே வைத்து நிறுத்துங்கள். தெரிந்த இடங்களுக்குப் போகும்போது குரலை அணைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். நான் இரண்டு மாதம் அப்படிச் செய்த பிறகு, பத்து வருடமாகக் கடந்துபோகும் இரண்டு சாலைகள் ஒரே குளத்தின் இரு கரைகள் என்பது முதன்முறையாகப் புரிந்தது.

இடத் தகவல் யாரிடம் போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். போன இடங்களைப் பதிந்துவைக்கும் 'இட வரலாறு' வசதியை அணைத்த பிறகும் வேறொரு செட்டிங் வழியாக இடத் தகவல் சேமிக்கப்பட்டது குறித்து அமெரிக்காவின் 40 மாநிலங்கள் கூகுளோடு ஒரு உடன்பாட்டுக்கு வந்தன. 2022 நவம்பரில் கூகுள் அதற்காக 39.15 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. உங்கள் போனில் எந்தெந்தச் செயலி எப்போதும் இடத்தைப் பார்க்க அனுமதி வைத்திருக்கிறது என்று இன்றே ஒருமுறை பாருங்கள். பெரும்பாலானவற்றுக்கு "பயன்படுத்தும்போது மட்டும்" போதும்.

அப்புறம் ஒன்று. மேப்புக்குத் தெரியாதது அப்பாவுக்கு நிறையத் தெரியும். அவர் வாயில் அந்தச் சாலை இன்னமும் என்எச் 7 ஆகத்தான் இருக்கும்; 2010ல் அதன் எண் 44 ஆக மாறிவிட்டது. சாத்தூர், திருமங்கலம், நாமக்கல் என்று அவர் அடுக்கும்போது நடுவில் வரும் சின்ன ஓடைகள், கண்மாய்கள், ஊர்க்காரர் மட்டும் சொல்லும் மேட்டின் பெயர்கள் எந்த நிறுவனத்தின் வரைபடத்திலும் முழுமையாக இல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கணக்கைத் தொடங்குங்கள், பத்து நிமிட வேலை. ஒவ்வொரு இடத்துக்கும் தமிழ்ப் பெயரை நிரப்பத் தனிக் கட்டம் இருக்கிறது, பல கண்மாய்களுக்கு அது காலியாகக் கிடக்கிறது. நீங்கள் சேர்ப்பது பொதுச் சொத்தாக இருக்கும், யாரும் நாளைக்கு அதை மூடிவிட முடியாது. இதற்காகவே மற்றவற்றைவிட அதைச் சிபாரிசு செய்கிறேன். கூகுள் 2008ல் இந்தியா உள்ளிட்ட நாடுகளில் மேப் மேக்கர் என்ற வசதியைக் கொடுத்தபோது ஆர்வத்தோடு தெருத்தெருவாக வரைந்தவர்கள் பலர். 2017ல் அது மூடப்பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு லேப்டாப் முன்னால் உட்காருங்கள். திருநெல்வேலியில் தொடங்கி மேலே மேலே இழுத்துக்கொண்டே போங்கள், அவர் பேசட்டும். ஓசூரில் இருந்து திரும்பி வரும்போது தொப்பூர் இறக்கம் சரியாக எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது, அங்கே எந்த கியரில் இறங்குவார் என்று கேளுங்கள். அந்தப் பதில் ஒரு பின்னுக்குள் அடங்காது. பக்கத்தில் ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.